கறுத்த திரை எந்தப் படியில் நின்றது? பழைய மடிக்கணினியும் லினக்ஸ் புதுப்பிப்பும்

புதுப்பிப்பு பிழையின்றி முடிந்ததாகத்தான் திரை சொல்லியிருக்கும். கணினியை மீண்டும் தொடங்கியதும் தயாரிப்பாளரின் சின்னம் வந்திருக்கும், கடவுச்சொல் கேட்கும் பெட்டியும் வந்திருக்கும். கடவுச்சொல்லைத் தட்டி எண்டரை அழுத்திய பிறகு எஞ்சுவது வெறும் கறுப்பும் அதன் நடுவே ஒரு சுட்டி அம்பும் மட்டுமே. பத்து ஆண்டுக்கு மேல் உழைத்த மடிக்கணினியில் லினக்ஸ் வைத்திருப்பவர் பலர் என்றாவது ஒருநாள் இந்த இடத்தில் வந்து நின்றிருப்பார்கள். பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால், "ஃபார்மட் பண்ணி புதுசா போட்டுடலாம் சார்" என்ற பதில் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். அப்படிச் செய்து சரியாவதும் உண்டு. ஆனால் அதே பதிப்பு, அதே கெர்னல் (வன்பொருளை இயக்கும் மைய நிரல்), அதே வரைகலைச் சில்லு என்று மூன்றும் மாறாதிருக்கும்போது அதே கறுப்பு திரும்பி வரவும் வாய்ப்புண்டு. இடையில் வன்வட்டிலிருந்த கோப்புகள் மட்டும் போயிருக்கும்.

கறுத்த திரை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம்; கணினி எந்தப் படியில் நின்றுவிட்டது என்பதைத் தெரிவிக்கும் அடையாளமாகவே அதைப் படிக்க வேண்டும். மின்பொத்தானை அழுத்தியது முதல் டெஸ்க்டாப் தெரியும் வரை வேலை கைமாறிக்கொண்டே போகிறது. பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ, கிரப் என்னும் தொடக்க நிரலை எழுப்புகிறது. கிரப், கெர்னலையும் அதனுடன் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தற்காலிகக் கோப்புத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் வரைகலைச் சில்லை அடையாளம் கண்டு திரையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. சிஸ்டம்டி பின்னணிச் சேவைகளைத் தொடங்குகிறது; அவற்றுள் ஒன்றான நுழைவுத் திரை நிரல் (ஜிடிஎம், லைட்டிஎம், எஸ்டிடிஎம் என்று டெஸ்க்டாப்புக்கு ஏற்பப் பெயர் மாறும்) கடவுச்சொல் கேட்கிறது. அது சரியாக இருந்தால், திரையில் சாளரங்களைக் காட்டும் ஏற்பாடுகளான எக்ஸ் சர்வர் வழியாகவோ வேலண்ட் வழியாகவோ பயனரின் அமர்வு தொடங்குகிறது. க்னோம், சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ போன்ற டெஸ்க்டாப் நிரல்களின் பலகையும் சின்னங்களும் வரையப்படுவது கடைசிப் படியில்தான்.

இந்தச் சங்கிலியில் கெர்னலுக்கு உள்ள பங்கு பலருக்குத் தெரிவதில்லை. திரையின் அளவையும் புத்தாக்க வீதத்தையும் கெர்னலே அமைக்கும் ஏற்பாடு, 2009 மார்ச்சில் வெளியான 2.6.29 பதிப்பில் இன்டெல் சில்லுகளுக்காக முதலில் வந்தது. ஏடிஐ ரேடியான், என்விடியா சில்லுகளுக்கான திறந்தமூல இயக்கிகளும் (டிரைவர்களும்) அடுத்த ஓராண்டுக்குள் அவ்வழிக்கு வந்தன. அதற்கு முன் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது எக்ஸ் சர்வர். டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பும் மாறாமல் கெர்னல் மட்டும் புதிதாக வந்தாலும் திரை கறுத்துப் போகலாம் என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது பொறுமையாகப் பார்ப்பது. அறையை இருட்டாக்கிவிட்டு, கைபேசியின் டார்ச்சைத் திரைமீது சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகவேனும் சின்னங்களோ எழுத்துகளோ தெரிந்தால் டெஸ்க்டாப் முழுமையாக எழுந்து நிற்கிறது, பின்னொளிதான் எரியவில்லை என்று பொருள். 2022 டிசம்பரில் வெளியான 6.1 கெர்னலில் மடிக்கணினிப் பின்னொளியைக் கையாளும் பகுதி பெரிதாகத் திருத்தி எழுதப்பட்டது. சில பழைய இயந்திரங்களில் ஒளிக் கட்டுப்பாடு அதனால் இடம் மாறியது. கிரப்பில் கெர்னல் வரியின் இறுதியில் (அதைத் திறக்கும் முறை கீழே வருகிறது) ஏசிபிஐ_பேக்லைட் என்ற அளவுருவுக்கு வெண்டார், நேட்டிவ், வீடியோ என்ற மதிப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பது இதற்கான வழி. ஒளியைக் கூட்டும் விசையை நான்கைந்து முறை அழுத்தினாலே சில நேரம் வேலை முடிந்துவிடும். கேலியாகச் சொல்லவில்லை, ஒளி அளவு பூச்சியத்தில் சேமிக்கப்பட்டு அப்படியே மீட்கப்படுவதும் நடப்பதுதான்.

டார்ச்சிலும் ஒன்றும் தெரியவில்லையென்றால் கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பார்க்கலாம். விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது. எதற்கும் அசையாவிட்டால், அல்லது நீங்கள் தொடாமலே விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால், நின்றது கெர்னல் படியிலேயே. சுட்டி அம்பு கறுப்புக்கு நடுவே நகர்கிறதென்றால் கெர்னலும் வரைகலை இயக்கியும் தத்தம் வேலையைச் செய்துவிட்டன, அமர்வுதான் எழவில்லை. பின்னணிப் படம் வந்து பலகையும் சின்னங்களும் மட்டும் காணாமல் போயிருந்தால் பழுது இன்னும் மேலே, டெஸ்க்டாப் நிரலில் இருக்கிறது. கடவுச்சொல்லை ஏற்று ஒரு நொடி கறுத்து மறுபடியும் கடவுச்சொல்லே கேட்டால், அமர்வு தொடங்கிய கணத்திலேயே விழுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இணையத்தில் கிடைத்த பத்துக் கட்டளைகளை வரிசையாக இட்டுப் பார்ப்பவர், பதினோராவது பழுதைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்.

அடுத்து, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். கறுப்பு விலகி வெள்ளை எழுத்தில் நுழைவுக் கேள்வி வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையலாம். யூஎஸ்பி வட்டு ஒன்றைச் செருகி முக்கியமான கோப்புகளை நகலெடுக்கலாம். அதைச் செய்த பிறகு மற்றவற்றில் கைவைப்பது நல்லது. கணினியின் மொழியைத் தமிழாக வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு சிறு இடையூறு உண்டு. லினக்ஸின் இந்த வெற்று முனையத்தில் ஒரே நேரத்தில் 512 எழுத்துருவங்களுக்கு மேல் ஏற்ற இயலாது. கொம்பும் காலும் சேர்த்து எழுத்தை வடிவமைக்கும் திறனும் அதற்கில்லை. எனவே தமிழ்ச் செய்திகள் எல்லாம் வெறும் கட்டங்களாக வந்து நிற்கும். அது பழுதன்று. லேங் என்ற சூழல் மாறிக்கு சி என்ற மதிப்பைக் கொடுத்துவிட்டால் செய்திகள் ஆங்கிலத்துக்கு மாறி, படிக்கக் கூடியவையாகிவிடும்.

முனையத்தில் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது வன்வட்டில் இடம் இருக்கிறதா என்பதை. அக்கா மகளின் மடிக்கணினியில் இதை நேரில் கண்டேன். புதுப்பிப்பு முடிந்த மறுநாள் நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பழி முழுவதும் புதிய கெர்னல்மேல் விழுந்திருந்தது. டிஎஃப் கட்டளையை ஹெச் தெரிவோடு இட்டபோது வந்த அட்டவணையில், மூலப் பகிர்வின் நேரே 100 சதவீதம் என்றிருந்தது. இல்லக் கோப்புறைக்குள் புள்ளியில் தொடங்கும் மறை கோப்பு ஒன்று, எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்ற பெயரில், பல ஜிபி அளவுக்கு வீங்கிக் கிடந்தது. ஏதோ ஒரு நிரல் ஒரே பிழைச் செய்தியை மாதக் கணக்கில் அதில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. எஞ்சியிருந்த கொஞ்சம் இடத்தையும் புதுப்பிப்புக்காகப் பதிவிறங்கிய தொகுப்புகள் எடுத்துக்கொண்டன. அமர்வு தொடங்கும்போது எழுத வேண்டிய ஓரிரு சிறு கோப்புகளுக்குக்கூட இடமில்லை. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை இயல்பாக 5 சதவீத இடத்தை ரூட் என்னும் நிர்வாகப் பயனருக்கென ஒதுக்கி வைப்பதால் கணினி எழுந்துவிடுகிறது. சாதாரணப் பயனரின் அமர்வுதான் எழாமல் போகிறது. அந்தக் கோப்பை அழித்து, தொகுப்புகளை நிறுவவும் நீக்கவும் உதவும் ஏபிடி-யின் கிளீன், ஆட்டோரிமூவ் கட்டளைகளை ஓட்டியதும் டெஸ்க்டாப் வந்துவிட்டது.

பூட் கோப்புறைக்கெனத் தனிப் பகிர்வு வைத்திருக்கும் கணினிகளில் இதே சிக்கல் இன்னொரு வடிவில் வரும். பழைய கெர்னல்கள் நீக்கப்படாமல் சேர்ந்து பகிர்வு நிறைந்துவிட்டால் புதிய கெர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் அரைகுறையாக எழுதப்பட்டுவிடும். அந்தக் கெர்னல் எழாது, முந்தையது எழும்.

முந்தைய கெர்னலில் எழுப்பிப் பார்ப்பது இந்தத் தேடலில் மிகவும் பயனுள்ள ஒரே சோதனை என்பது என் கருத்து. யூஇஎஃப்ஐ இயந்திரத்தில் எஸ்கேப் விசையும், பழைய பயாஸ் இயந்திரத்தில் ஷிஃப்ட் விசையும் தொடக்கத்திலேயே அழுத்தினால் உபுண்டு வகைக் கணினிகளில் கிரப் பட்டியல் தெரியும். அதில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் முந்தைய கெர்னல் இருக்கும். அதில் எல்லாம் சரியாக வந்தால் டெஸ்க்டாப், பயனர் அமைப்புகள், வன்வட்டு எல்லாம் நலம், குறை புதிய கெர்னலிலோ அதற்காகக் கட்டப்பட வேண்டிய இயக்கியிலோ உள்ளது என்று ஒரே அடியில் தெரிந்துவிடும். முந்தைய கெர்னலிலும் அதே கறுப்பு வந்தால் கெர்னலை விட்டுவிட்டு மேலே உள்ள அடுக்குகளைப் பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறாக, அதிகம் பரிந்துரைக்கப்படுவதும் அதிகம் தவறாகப் பயன்படுவதும் நோமோட்செட் என்ற அளவுரு. கிரப்பில் ஈ விசையை அழுத்தி, கெர்னல் வரியின் இறுதியில் அதைச் சேர்த்து, எஃப்10 அழுத்தினால் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும் கெர்னல் வரைகலைச் சில்லுக்குரிய இயக்கியைப் பயன்படுத்தாது. திரை தெரிந்துவிட்டால் குறை இயக்கியில் இருக்கிறது என்பது உறுதியாகும். பலர் இதையே தீர்வாக எண்ணி நிரந்தரமாக்கிவிடுகிறார்கள். அப்போது வரைகலை வேலை முழுவதையும் எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் வழியாக மையச் செயலியே சுமக்க நேரிடும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் இரட்டைக் கருச் செயலியில் காணொளி திக்கும், விசிறி ஓயாது, திரை அளவும் பொருந்தாமல் போகலாம். நோமோட்செட் ஒரு பரிசோதனை; மருந்தாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

பழைய மடிக்கணினிகளே ஏன் இப்படி அதிகம் மாட்டிக்கொள்கின்றன என்ற கேள்விக்கு, லினக்ஸ் பழைய வன்பொருளைக் கைவிடுவதில்லை என்ற நம் பெருமிதத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பதில் தேட வேண்டும். கெர்னல் பழைய சில்லுகளை நெடுங்காலம் தாங்குகிறது என்பது உண்மை. ஆனால் டெஸ்க்டாப் தெரிய வேண்டுமானால் கெர்னல், மேசா என்னும் வரைகலை நூலகம், எக்ஸ் அல்லது வேலண்ட், டெஸ்க்டாப் நிரல் என்று தனித்தனிக் குழுக்கள் தனித்தனி நாள்காட்டியில் வெளியிடும் பொருள்கள் ஒத்துப்போக வேண்டும். நாம் புதுப்பிப்பு என்று ஒரே பொத்தானை அழுத்துகிறோம். உள்ளே இவை அனைத்தும் ஒரே இரவில் நகர்ந்துவிடுகின்றன. புதிய சில்லுகளில் இந்தச் சேர்க்கையைச் சோதிக்கப் பலர் இருக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டு மடிக்கணினியில் சோதித்தவர் பெரும்பாலும் நீங்கள்தான்.

மேசாவையே எடுத்துக்கொள்ளலாம். 2022 மார்ச்சில் வந்த 22.0 பதிப்பில், பழைய கட்டமைப்பில் எழுதப்பட்ட இயக்கிகள் முதன்மைக் கிளையிலிருந்து நீக்கப்பட்டு, 21.3 பதிப்பை அடியொற்றிய ஆம்பர் என்ற தனிக் கிளைக்கு ஒதுக்கப்பட்டன. பல ஆண்டுகளாக இன்டெல் மடிக்கணினிகளைத் தாங்கிய ஐ965 இயக்கி அவற்றுள் ஒன்று. 2007-இன் 965 சில்லு முதல் 2013-இன் ஹாஸ்வெல் வரையிலான தலைமுறைகளை, அதற்கு முந்தைய ஆண்டில் சேர்க்கப்பட்ட குரோக்கஸ் என்ற புதிய இயக்கி ஏற்றுக்கொண்டது. குரோக்கஸ் நன்றாகவே எழுதப்பட்டது, பெரும்பாலோர் இந்த மாற்றத்தை உணரவே இல்லை. ஆனாலும் வரைகலை இயக்கி முழுதாக மாறிய ஒரு பெரும் பதிப்பு மாற்றத்தை, "சும்மா அப்டேட் கொடுத்தேன்" என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

என்விடியா சில்லு உள்ள பழைய மடிக்கணினிகளின் நிலை இன்னும் கடினமானது. ஜிஃபோர்ஸ் 8 முதல் 300 வரையிலான வரிசைகளுக்குரிய 340 இயக்கிக்கான ஆதரவு 2019 முடிவோடு நின்றது. 400, 500 வரிசைகளைத் தாங்கிய 390 இயக்கிக்கு 2022 முடிவோடு நின்றது. மூலநிரல் வெளியிடப்படாத இந்த மூடிய இயக்கிகள் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அவற்றைப் புதிதாகக் கட்டித்தர வேண்டும். கெர்னலின் உள்ளமைப்பு மாறியிருந்தால், அல்லது அதற்கான தலைப்புக் கோப்புகள் நிறுவப்படாதிருந்தால், கட்டுமானம் தோற்கும். புதுப்பிப்பின்போது வேகமாக ஓடும் வரிகளுக்கிடையே அந்தத் தோல்வி ஓரிரு வரியாக வந்து போய்விடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மூடிய இயக்கியை நிறுவும்போதே அது நூவோ என்ற திறந்தமூல இயக்கியை எழவிடாமல் தடுத்துவைக்கிறது. ஆகவே மூடியது கட்டப்படாமல் போனால் திறந்தது வந்து கைகொடுக்கவும் வழியில்லை. முனையத்திலிருந்து என்விடியா தொகுப்புகளை முழுமையாக நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ்-ஐப் புதுப்பித்து, நூவோவில் எழுப்புவதே இங்கே பெரும்பாலும் சரியான வழி. வேகம் குறையும், திரை வரும்.

எக்ஸ் சர்வருக்கான பழைய எக்ஸ்ஆர்க் அமைப்புக் கோப்புகள் எட்சி கோப்புறையில் தங்கியிருப்பதும் இதே வகைத் தொல்லை. ஏடிஐ சில்லுகளுக்கான எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் என்ற மூடிய இயக்கியை 2016 ஏப்ரலில் உபுண்டு 16.04 கைவிட்டது, ஆனால் அந்த இயக்கியின் பெயரைச் சொல்லும் அமைப்புக் கோப்பை யாரும் வந்து அழிக்கவில்லை. படக் கிழிசலைத் தவிர்க்க என்றோ நாமே எழுதிவைத்த இன்டெல் அமைப்புகளுக்கும் இது பொருந்தும். அந்தக் கோப்புகளை வேறு பெயருக்கு மாற்றிவைத்து மீண்டும் தொடங்கிப் பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 11-இலிருந்து 12-க்கு ஏறியவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில், சில்லுகளுக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் என்ற மூடிய நிரல் கோப்புகள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற புதிய பிரிவுக்குப் போயின. தொகுப்புகள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்க்காதவர்களுக்கு அவற்றின் புதிய பதிப்பு வந்து சேராது. ரேடியான் சில்லுகளோ ஃபர்ம்வேர் இல்லாமல் திரையைச் சரியாக இயக்காது.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது இல்லாத திரைக்குப் படம் போகும் பழுது. 2007, 2008 காலத்து இன்டெல் 965 சில்லு கொண்ட மடிக்கணினிகள் சிலவற்றில், தொலைக்காட்சிக்கு இணைக்கும் எஸ்-வீடியோ துளையே இருக்காது. ஆனால் கெர்னல் அங்கே ஒரு தொலைக்காட்சி இணைக்கப்பட்டிருப்பதாக நம்பும். டெஸ்க்டாப் அந்த ஆவித் தொலைக்காட்சியை முதன்மைத் திரையாக எடுத்துக்கொண்டு, பலகையையும் சின்னங்களையும் அங்கே வரைந்துவிடும். உங்கள் முன் இருப்பது காலியான இரண்டாம் திரை. முனையத்தில் சிஸ், கிளாஸ், டிஆர்எம் என்ற கோப்புறைகளுக்குள் அடுத்தடுத்துப் போனால், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கோப்புறை தெரியும். எல்விடிஎஸ்-1 என்பது மடிக்கணினியின் சொந்தத் திரை. எஸ்வீடியோ-1 கோப்புறையிலுள்ள ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தால், இணைக்கப்பட்டுள்ளது என்று அமைதியாகச் சொல்லும். கெர்னல் வரியில் வீடியோ என்ற அளவுருவுக்கு எஸ்வீடியோ-1, முக்காற்புள்ளி, சிறிய எழுத்தில் டி என்ற மதிப்பைக் கொடுத்தால் அந்த ஆவி ஓடிவிடும்.

கெர்னலும் இயக்கியும் நலம் என்று தெரிந்த பிறகு, சோதனையாகப் புதிய பயனர் ஒருவரை உருவாக்கி அந்தப் பெயரில் நுழைந்து பார்க்கலாம். டெஸ்க்டாப் வந்தால் குறை உங்கள் இல்லக் கோப்புறைக்குள் இருக்கிறது. புதிய க்னோமுக்குப் பொருந்தாத பழைய நீட்சிகள், கெட்டுப்போன தற்காலிகக் கோப்புகள், எப்போதோ சூடோ (நிர்வாக உரிமையோடு இயக்கும் கட்டளை) சேர்த்து வரைகலை நிரலை இயக்கியதால் ரூட்டின் உடைமையாகிவிட்ட எக்ஸ்அத்தாரிட்டி கோப்பு ஆகிய மூன்றும் இங்கே வழக்கமாகப் பிடிபடுபவை. எது என்று உறுதிசெய்ய கணினியின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையை, பூட் என்பதைக் குறிக்கும் பி தெரிவோடு இட்டு, சிவப்பில் வரும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்கலாம்.

சில நேரங்களில் எதுவும் கெட்டிருக்காது. டெஸ்க்டாப்பின் எதிர்பார்ப்பு உயர்ந்திருக்கும். முப்பரிமாண முடுக்கம் இல்லாத கணினிகளுக்கென க்னோம் வைத்திருந்த எளிய மாற்று அமர்வு, 2013 மார்ச்சில் வந்த 3.8 பதிப்போடு நீக்கப்பட்டது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-இல் க்னோமுக்கான எக்ஸ் அமர்வே இல்லை, வேலண்ட் மட்டும்தான். எக்ஸ் சர்வரை நம்பி எழுதப்பட்ட பழைய மூடிய இயக்கிகளோடு அந்தப் படியில் ஏறுவது வீண் முயற்சி. முனையத்திலிருந்து எக்ஸ்எஃப்சிஇ-யை நிறுவி, நுழைவுத் திரையில் அமர்வை மாற்றிக்கொள்வதை நான் பின்வாங்கலாகக் கருதுவதில்லை. 4 ஜிபி நினைவகத்தில் எப்படியும் அதுதான் நன்றாக ஓடும்.

கெர்னலைப் பொறுத்தவரை, வேலை செய்யும் பதிப்பை ஏபிடி-மார்க் கட்டளையால் நிறுத்திவைப்பது உடனடி வழி. ஆனால் அப்படி நிறுத்திய கெர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளில் இதைவிட நல்ல வழி இருக்கிறது. புதிய வன்பொருளுக்காக அவ்வப்போது கெர்னலை உயர்த்திக்கொண்டே போகும் ஹெச்டபிள்யூஇ தடம் ஒன்று. பதிப்பு வெளியான நாளின் கெர்னல் வரிசையையே திருத்தங்களோடு தொடரும் தடம் மற்றொன்று. 22.04-க்கு அது 5.15. மடிக்கணினி பழையது என்றால் புதிய வன்பொருளுக்கான தடத்தில் நமக்கு வேலையில்லை. அசையாத தடத்துக்கு மாறிக்கொள்வதே தகும். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க காலக் கணினிகள், விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சுமந்து வந்தன. டெபியனை அடிப்படையாகக் கொண்ட அந்த லினக்ஸை அப்போது பலர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவற்றுள் இன்றும் ஓடுபவற்றுக்கும் இதே அறிவுரைதான்.

லினக்ஸ் மின்ட் பயன்படுத்துவோருக்கு, கணினியின் நிலையைப் படியெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற நிரல் உடன் வருகிறது. புதுப்பிப்புக்கு முன் எடுத்த நிழற்படி ஒன்று இருந்தால் மேலே சொன்ன ஆராய்ச்சிகளில் பாதி தேவையில்லை; கறுத்த திரையின் முனையத்திலிருந்தே பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அது கணினியின் கோப்புகளை மட்டுமே இயல்பாகக் காக்கிறது, நம் ஆவணங்களை அன்று.

பழுது தீர்ந்த கையோடு நான் செய்யும் இன்னொரு வேலை, கிரப் அமைப்புக் கோப்பிலிருந்து கொயட், ஸ்பிளாஷ் என்ற இரு சொற்களையும் நீக்கிவிடுவது. சின்னத்துக்குப் பதிலாகக் கெர்னலும் சிஸ்டம்டியும் பேசும் வரிகள் ஓடும். அடுத்த முறை நின்றுபோனால் கடைசி வரி திரையில் இருக்கும். அக்கா மகளின் மடிக்கணினியும் இப்போது அப்படித்தான் எழுகிறது. "என்ன மாமா, பார்க்கவே நல்லா இல்லை" என்றாள். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.